டேபிள் வேலை

போன ஞாயிறு மும்பை மாட்டுங்காவில் எங்கள் சாருக்கு ஒரு இரங்கல் கூட்டம். முன்வரிசையில் பட்டுச் சால்வைகள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில், தாராவியிலிருந்து போயிருந்த நாங்கள் பதினோரு பேர். பேசிய எல்லோரும் மூன்று விஷயங்களையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்: பாசமான குடும்பத் தலைவர், பெரிய பக்திமான், சமூக சேவகர். பேப்பரில் கொடுத்த விளம்பரத்திலும் படத்துக்குக் கீழே அதேதான். எதுவும் பொய்யில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் அம்மா, "யாரப் பத்திட்டீ பேசுனாவ?" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரை நாங்கள் முதலில் பார்த்தது 2005 ஜூலை மாதக் கடைசியில். 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, மித்தி ஆறு பொங்கியது, மும்பைக்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு மாட்டுங்காவிலிருந்து ஒரு வேன் வந்தது. அரிசி, பிஸ்கட், போர்வை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. சந்தின் குறுக்கே நாங்கள் கட்டியிருந்த கொடியில் துணி காயவில்லை, காகிதம் காய்ந்துகொண்டிருந்தது. ரேஷன் கார்டு, தாத்தாவின் போட்டோ பாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த அடையாள அட்டை), கரண்ட் பில்கள், என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட். நெற்றியில் விபூதி, முழங்கால் வரை மடித்த பேண்ட், கையில் செருப்பு. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை ஆறுதல் இல்லை. "வெயில்ல போடாதீங்கோ, மை போயிடும்" என்றார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்தார். பையில் பிளாட்டிங் பேப்பர், கார்பன், குண்டூசி, ஸ்டாம்ப் பேடு. தாள்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளை வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றச் சொன்னார். பிறகு எங்கள் டிவி ஸ்டாண்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எது போயிற்று, எது மிச்சம், எது எந்த ஆபீசில் மறுபடி கிடைக்கும் என்று நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். டிவி தண்ணீரில் போய்விட்டதால் ஸ்டாண்டு சும்மாதான் இருந்தது. அடுத்த பத்தொன்பது வருடம் அதுதான் அவர் டேபிள்.

அவர் 1961இல் கும்பகோணத்துப் பக்கமிருந்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்டிஃபிகேட்டோடு பம்பாய் வந்தவர். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, ஜெனரல் மேனேஜராக ரிடயர் ஆனார். மாட்டுங்காவில் இந்தக் கதை தெருவுக்கு நாலு கிடைக்கும். இவரிடம் வித்தியாசமாக இருந்தது மராட்டி. 1960களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், பம்பாய்க் கம்பெனிகளில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. 1966இல் சிவசேனா பிறந்தது. சாரின் ஆபீசிலும் பயம் வந்தது. மற்றவர்கள் மெட்ராசுக்கு மாற்றல் கேட்டபோது இவர் ஒரு மராட்டி வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தாராம். "பயத்துலதான் படிச்சேன், பிரியத்துல இல்லை" என்று அவரே சொல்வார். அந்தப் பயம் நாற்பது வருடம் கழித்து எங்கள் சந்துக்கு உதவியது. ரேஷன் ஆபீஸ் கிளார்க்குக்கு அவன் ஆபீஸ் மராட்டியிலேயே, அவனைவிடச் சுத்தமாக மனு எழுதிப் போடும் தமிழரை அந்த கவுண்டர் அதுவரை பார்த்திருக்காது.

இனிஷியல் வியாதி என்று ஒன்றைச் சொல்வார். மும்பைத் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் தெரியும். இங்கே ஃபாரத்தில் முதல் கட்டமே 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர். அப்புறம் உங்கள் பெயர், அப்புறம் அப்பா பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சுப்பையா மகன் முருகன் என்று ஒருவர் இருந்தால் ரேஷன் கார்டில் அவர் எஸ். முருகன். பள்ளியில் முருகன் சுப்பையா. வாக்காளர் பட்டியலில் சுப்பையா முருகன். வேலைக்குப் போன இடத்தில் எழுதினவன் ஊர் வழக்கப்படி சாதியைக் கடைசியில் ஒட்டிவிடுவான். ஒரே ஆள், நாலு பெயர். உயிரோடிருக்கும் வரை யாருக்கும் கவலையில்லை. அவர் செத்து, மனைவி பி.எஃப். பணம் கேட்டுப் போகும்போதுதான் நாலு முருகன்களும் எழுந்து வந்து வழிமறிப்பார்கள். அஃபிடவிட், சில பேருக்குக் கெஜட் வரை போய், நாலு பேரையும் ஒரே ஆளாக்குவதற்கு சார் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் சில வருடங்களே வரும்.

தேதி விஷயம் இன்னும் பெரியது. குடிசைக்கு மாற்று வீடு கிடைக்க 1995 ஜனவரி 1க்கு முன்பே இங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. பிற்பாடு அது 2000 ஜனவரி 1 ஆனது. எங்களுக்கு அந்தத் தேதி தெரியும், ஆனால் எதை வைத்துக் காட்டுவது என்று தெரியாது. ரேஷன் கார்டே போதும் என்றிருந்தோம். "வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கான்னு பாரு. அதான் சாட்சி" என்று சொல்லி, பழைய பட்டியலைத் தேடி எங்கள் சந்துக்காரர்கள் பெயர் இருந்த பக்கங்களுக்கு நகல் வாங்க வைத்தார். தாத்தாவின் போட்டோ பாஸ் 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கிடைத்தது. அதை லேமினேட் செய்யக் கூடாது என்று சண்டை போட்டார். 2024இல் மறுசீரமைப்புக்காகத் தாராவியில் கணக்கெடுப்பு தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த பையன்கள் கேட்டதெல்லாம் அம்மாவின் ஒரே ஃபைலில் வரிசையாக இருந்தது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. அதை இன்னொரு நாள் போடுவோம்.

இப்போது இரங்கல் கூட்டத்தில் சொல்ல முடியாத ஒன்று. முதல் மூன்றரை வருடம் சார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தன் பாட்டிலைக் கொண்டுவருவார். யாரும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் சார் போன பிறகு அப்பா, "பேப்பருக்கு மட்டும் தீட்டு கெடையாதாக்கும்" என்றார். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது. சாரின் பக்தியை நான் சந்தேகப்படவில்லை. காலையில் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போகாமல் அவர் எங்கும் கிளம்பமாட்டார், ராம நவமி வந்தால் அந்தப் பத்து நாள் எங்கள் பக்கம் தலைகாட்ட மாட்டார். ஆனால் அந்தப் பக்தியோடு எது ஒட்டிக்கொண்டு வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். மறைத்துப் பேசினால் அவர் சுவரில் மாட்டிய படமாகிவிடுவார்.

2009 பொங்கல். தொண்ணூறு அடி சாலை நெடுக அடுப்பு, பானை, புகை. சார் ஏதோ கையெழுத்து வாங்க வந்தவர் மாட்டிக்கொண்டார். அம்மா எதையும் யோசிக்காமல் இலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்து நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கை அப்படியே நின்றது. அவர் வாங்கினார். நின்றுகொண்டே முழுவதையும் சாப்பிட்டார். வரலாற்றுத் தருணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, "நெய் கொஞ்சம் கம்மி" என்றார். அம்மா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. அதன் பிறகு பாட்டில் வரவில்லை.

குடும்பம் பற்றி அவர் மகன் கூட்டத்தில் ஒரு வரி பேசினார். அன்று பேசியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்: "அப்பா ரிடயர் ஆனப்புறம்தான் எங்களுக்குக் கிடைச்சார், அப்போ நாங்க ஊர்ல இல்லை." மாமிக்குப் பக்கவாதம் வந்து எட்டு வருடம் படுக்கையில் இருந்தார். பன்னிரண்டு மணிக்கு எங்கள் டேபிளில் யார் அழுதுகொண்டிருந்தாலும் சார் பேனாவை மூடிவிடுவார். பன்னிரண்டரைக்கு மாமிக்குக் கஞ்சி. ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதற்கு நாங்கள் சாட்சி.

என் கருத்துக்கு வருகிறேன். சேவை என்றால் நம்மவர்களுக்குச் செக், கல்வெட்டு, டியூப்லைட்டில் பெயர். ரிடயர் ஆன எத்தனை அதிகாரிகள் மேடையில் உட்கார்ந்து இளைஞர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள்! முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்த ஆளுக்கு ஒரு மனு எங்கே சிக்கும், யார் மேஜையில் தூங்கும், எந்த வார்த்தை போட்டால் நகரும் என்று தெரியும். எங்களை வெளியே நிறுத்தி வைத்ததே அந்த வித்தைதான். சார் பணம் கொடுத்து நான் பார்த்ததில்லை. சிக்கனம், கொஞ்சம் கஞ்சத்தனம் என்றே சொல்லலாம். ஜெராக்ஸ் காசைக்கூட எங்களிடம்தான் வாங்குவார். ஆனால் அந்த வித்தையைக் கொடுத்தார். சேவை என்று யாராவது சொன்னால் எரிச்சல்படுவார். அவருக்கு அது "டேபிள் வேலை".

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு மனுதான் எழுதித் தருவார். மூன்றாவதுக்குப் பேனாவை நம் பக்கம் தள்ளிவிடுவார். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி. வாஷியிலிருக்கும் பள்ளித் தேர்வு போர்டு ஆபீசுக்கு என் மார்க்‌ஷீட் நகல் கேட்டு நான் எழுதிய முதல் மனுவில் பதினான்கு இடத்தில் சிவப்பு மை வைத்தார். அன்று அவரை வெறுத்தேன். இன்று ஒரு ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், என் கீழே வேலை செய்கிற பையன்கள் என்னை வெறுக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் மகன் அந்தப் பையை என்னிடம் கொடுத்தார். ஸ்டாம்ப் பேடு காய்ந்துபோயிருந்தது. உள்ளே மூன்றாவது வீட்டு அக்காவின் விதவைப் பென்ஷன் மனு, பாதியில் நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். இது அவருக்கு எத்தனையாவது மனு என்று நோட்டைப் பார்த்தேன். மூன்றாவது. பேனாவைத் தள்ளினேன்.

"சார் இருந்தா எழுதித் தந்திருப்பாரு" என்றார் கோபமாக.

"தந்திருக்க மாட்டாரு அக்கா. இந்தப் பாதி உங்க கையெழுத்துதானே?"