இலவசமாக ஒரு பந்தயக் குதிரை

ஓட்டத்தை முடித்துக்கொண்ட பந்தயக் குதிரை ஒன்றை யாரோ வாங்கிவருகிறார். சில வாரங்களிலேயே அது கட்டைகளைத் தாண்டும் வீடியோ வந்துவிடுகிறது. 'மீட்கப்பட்ட உயிர், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது பாருங்கள்' என்று மேலே ஒரு வரி. கீழே இதயக் குறிகள் குவிகின்றன. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பின்னால் மடிந்த காதுகளையும் ஓயாமல் சுழலும் வாலையும் கடிவாளத்தோடு மல்லுக்கட்டும் வாயையும் பாருங்கள். அந்தக் குதிரை பதறிக்கொண்டிருக்கிறது.

தெருவில் அநாதையாகத் திரிந்த பிராணி அல்ல இது. பந்தயங்களில் ஓடும் தரோபிரெட் இனக் குதிரைக்குத் தாய், தந்தை, பிறந்த நாள், வளர்த்தவர், உரிமையாளர் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். தந்தை வழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் அனைத்தும் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகின்றன. முந்நூறு ஆண்டு வம்சாவளியைப் பிசகாமல் எழுதி வைக்கத் தெரிந்த தொழிலுக்கு, கடைசிப் பந்தயம் ஓடிய குதிரை அடுத்த ஆண்டு எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்க மட்டும் தெரியாதா? இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓட்டத்தை முடித்துவிடுகிறது. நன்றாகப் பராமரித்தால் இருபத்தைந்து வயது வரை வாழும். பந்தயம் அதன் ஆயுளில் ஒரு சிறு பகுதிதான்.

பந்தயத்தை விட்ட குதிரையைச் சாதாரண சவாரிக்குப் பழக்கும் மறுபயிற்சி என்றதும் ஒன்றும் தெரியாத குதிரைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் குதிரைக்கு நிறையவே தெரியும். வண்டியில் ஏறும், லாடம் அடிக்க நிற்கும், குளிப்பாட்ட விடும், கூட்டத்தையும் இரைச்சலையும் பார்த்திருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். பந்தயத்தில் குதிரையை ஓட்டும் ஜாக்கி, கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக்கி, முதுகுக்கு மேலே குந்தியபடி ஓட்டுகிறார். அவருடைய கால் குதிரையின் விலாவை அணைத்துப் பிடிப்பதே இல்லை. புதியவர் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு விலாவில் அழுத்தினால், அது என்ன ஏது என்று புரியாமல் முன்னே பாய்கிறது. பயந்துபோய் அவர் கடிவாள வாரை இழுக்கிறார். பந்தயத்தில் வாரை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு ஓட வேண்டும் என்றுதான் அதற்குப் பழக்கம். இழுக்க இழுக்க வேகம் கூடுகிறது. கீழே விழுந்தவர் எழுந்து வந்து 'பைத்தியக் குதிரை' என்கிறார். அது சொன்னபடி கேட்டது என்பதுதான் உண்மை.

ஏறும்போது அசையாமல் நிற்பதுகூட அதற்குப் புதிது. பந்தய லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார்கள். காலையில் பயிற்சிக்குப் போனாலும் பந்தயத்துக்குப் போனாலும் கூடவே வேறு குதிரைகள் இருக்கும். அதைத் தனியாக ஒரு பாதையில் நடத்திப் பாருங்கள், கூட்டத்தைத் தொலைத்த கலக்கத்தில் கத்தும், திரும்பும், வியர்த்துக் கொட்டும். நாளின் பெரும்பகுதியைக் கொட்டடியில் கழித்ததைத் திடீரென்று திறந்த மேய்ச்சல் நிலத்தில் விட்டால் வேலியில் போய் மோதிக்கொள்ளவும் கூடும். ஆரம்பத்தில் கயிற்றைக் கையில் பிடித்தபடி மேய விட வேண்டும். பிறகு சிறிய அடைப்பு, சாதுவான ஒரு துணைக் குதிரை என்று படிப்படியாகப் போக வேண்டும். இதெல்லாம் வீடியோவில் நன்றாக இருக்காது.

குணத்தைக் குறை சொல்லும் முன்னால் வயிற்றைப் பாருங்கள். குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க மேயும் பிராணிக்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. பந்தயக் குதிரைக்கோ தானியம் அதிகம், புல் குறைவு, நடுவில் வெறும் வயிற்றோடு நீண்ட நேரம். பயிற்சியில் உள்ள குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதைக் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்கிறது, அதனால் கடிக்கிறது. அதற்கு மருந்தும் புல்லும் போதிய காலமும் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். முதுகெலும்புக்கு எக்ஸ்ரே, முன்னங்கால் தசைநாணுக்கு ஸ்கேன், குளம்புக்கு நல்ல லாடக்காரர் என்று செலவுப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இலவசமாகக் கிடைத்த குதிரையைப் போலச் செலவு வைக்கும் குதிரை வேறு இல்லை.

இந்தச் செலவு யாருடையது என்பதில்தான் எனக்குப் பெரிய சண்டை. எக்ஸெல்லர் என்ற குதிரை 1978இல் ஒரே பந்தயத்தில் அமெரிக்காவின் இரண்டு மும்முடி வெற்றியாளர்களை, அதாவது ஒரே ஆண்டில் அங்குள்ள மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரைகளான சியாட்டில் ஸ்லூவையும் அஃபர்ம்டையும், தோற்கடித்தது. 1997இல் ஸ்வீடனில் ஓர் இறைச்சிக்கூடத்தில் அதன் கதை முடிந்தது. 1986இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட், இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, அங்கே 2002இல் அதே முடிவைச் சந்தித்தது. இவ்வளவு பெயர் பெற்றவற்றுக்கே இந்த கதி என்றால், ஒரு பந்தயமும் வெல்லாத குதிரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிறகு கொஞ்சம் மாறியது. பிரிட்டனில் பந்தயத் துறையே 2000இல் ஓய்வுபெற்ற குதிரைகளுக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2012 முதல் தரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ் என்ற அமைப்பு, ஓய்வுபெற்ற குதிரைகளின் காப்பகங்களை ஆய்வு செய்து அங்கீகரித்து நிதியும் தருகிறது. பிரிட்டனில் ஓடும் குதிரைகளை உணவுக்காகக் கொல்ல முடியாதபடி பதிந்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. மூன்றுமே நல்லவை, மூன்றுமே போதாதவை. குட்டியைப் பதிவு செய்யும் நாளிலேயே அதன் பிற்கால வாழ்வுக்கு ஒரு தொகையைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும்; ஒவ்வொரு விற்பனையிலும் ஒவ்வொரு பரிசுப் பணத்திலும் ஒரு பங்கு அதில் சேர வேண்டும். குதிரை கை மாறும்போதெல்லாம் பதிவும் கூடவே போக வேண்டும். லாபத்தைத் தொழில் எடுத்துக்கொள்ள, மிச்ச ஆயுளை இரக்கமுள்ளவர்கள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இப்படிச் சொன்னால் உடனே டச் ஆஃப் கிளாஸை எடுத்துக் காட்டுவார்கள். பந்தயத்தில் எடுபடாத சிறிய பெண் குதிரை அது; 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டலில் இரண்டு தங்கம் வென்றது. எனக்கும் பிடித்த குதிரைதான். ஆனால் அதைக் காட்டியே நூறு சாதாரணக் குதிரைகள் மீது பாரம் ஏற்றுகிறார்கள். வாங்கியவர் எதிர்பார்த்த பதக்கம் வரவில்லை என்றால் இன்னொரு கை, பிறகு இன்னொரு கை. ஒவ்வொரு கையிலும் விலை குறைகிறது, தீனி குறைகிறது. நிதானமாக நடந்து ஒருவரைச் சுமந்து திரும்பினால் போதும் என்று நினைக்கும் ஆளுக்குத்தான் பெரும்பாலான குதிரைகள் பொருந்தும்.

சவாரிக்கே உதவாதவையும் உண்டு. கால் போனவை, முதுகு போனவை. வலியில்லாமல் மேய முடிந்தால் மேயட்டும். அதற்குப் பணம் இருக்க வேண்டும். வலி தீராது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பழகிய ஆள் பக்கத்தில் நிற்க, பழகிய இடத்திலேயே ஊசி போட்டு முடித்துவிடுவதை நான் கொடுமை என்று சொல்ல மாட்டேன். 'நல்ல வீடு தேவை' என்று அந்தக் குதிரைக்கு விளம்பரம் போட்டு, கேட்ட முதல் ஆளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.