அம்மாவுக்கு விசுவாசமும் இருந்தது, பயமும் இருந்தது

அம்மாவின் கடைசி ஆறு வாரங்கள் வீட்டில்தான் கழிந்தன. கணையப் புற்றுநோய். இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒருநாள் ராத்திரி மாத்திரை கொடுத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடா" என்றாள். ஐம்பது வருஷமாகத் தினமும் வேதம் வாசித்தவள். சொன்ன கையோடு, "யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

அவள் பயந்ததைவிட, அதை மறைக்க வேண்டும் என்று நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. காரணம் தெரியும். அந்த வாரம் ஜெபிக்க வந்த ஒருவர், கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, விசுவாசம் இருந்தால் சாவுக்குப் பயம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். மூச்சு விடவே சிரமப்படுகிறவளுக்கு இந்தப் பாரம் வேறு.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் இயேசு என்ன செய்தார்? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். கூட இருந்து விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள், அது வேறு விஷயம். ஆண்டவரே மறைக்காத ஒன்றை ஒரு வயதான அம்மா ஏன் மறைக்க வேண்டும்?

லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் சொன்னது ஒரே வாக்கியம்தான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்க மாட்டான். இயேசு மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் அப்படி எதுவும் பேசவில்லை, கண்ணீர் விடுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர். அப்படியிருந்தும் அழுதார். உயிர்த்தெழுதலை நான் முழு மனதோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாமல் அந்த ஆறு வாரங்களை என்னால் கடந்திருக்க முடியாது. ஆனால் பவுலும்கூடத் துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார்.

சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த 23-ஆம் சங்கீதத்தில் ஒரு விஷயம் அந்த நாட்களில்தான் என் கண்ணில் பட்டது. முதல் மூன்று வசனங்களில் கர்த்தர் "அவர்". அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். நான்காவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது, சட்டென்று "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று மாறுகிறது. புல்வெளியில் ஆண்டவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், இருட்டுக்குள் போனதும் ஆண்டவரிடமே பேசுகிறான். பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி உண்டு என்று அந்தச் சங்கீதம் சொல்லவே இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் போதகர் வந்தபோது, நான் எதுவும் சொல்லாமலே, "ஐயா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவர் பிரசங்கம் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எதை நினைச்சும்மா பயம்?" என்று கேட்டார். "கடைசில மூச்சு முட்டுமோன்னுதான்."

அவ்வளவுதான். பரலோகத்தைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. நர்சிடம் கேட்டோம். 'மார்பின்' என்ற வலி மருந்து மூச்சுத்திணறலுக்கும் உதவும் என்று விளக்கினார், மருத்துவரிடம் பேசி அளவைச் சரிசெய்தார். மார்பின் எடுப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 1967-இல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். வலி வந்து துடிக்கும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் மார்பின் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ உலகத்தோடு வாதாடியவர் அவர்தான். உடம்பின் வலியோடு மனதின் வலியும் ஆத்துமாவின் வலியும் பின்னிக் கிடக்கிறது என்று சொன்னவரும் அவரே. அம்மாவின் அந்த ஒரு பதிலில் நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

போதகர் கிளம்பியதும் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போடப் போனேன். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தாள். ராத்திரியும் பகலும் எங்களில் யாராவது ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.