ஃபிளாஸ்க்

போன அக்டோபரில் அம்மா தவறிப்போனார்கள். துட்டி கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "கர்த்தர்கிட்டதானே போயிருக்காங்க, அழக்கூடாது." ஒரு பெரியவர் பைபிளில் அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்தின் வசனத்தையே எடுத்துச் சொன்னார். அவரிடம் வாதாடத் தெம்பில்லை. இப்போது சொல்கிறேன். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்காதீர்கள் என்றுதான் பவுல் எழுதினார். துக்கப்படவே கூடாது என்று எங்கே இருக்கிறது? இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே!

அடக்கம் முடிந்த மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். வார்டில் விட்டுவிட்டு வந்த ஃபிளாஸ்க்கை வாங்க. மூடியில் விரிசல் விட்ட பழைய ஃபிளாஸ்க். "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார் சிஸ்டர். எனக்கே பதில் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் யோவான் சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தை வாசித்தபோது இயேசுவின் சீஷியான மகதலேனா மரியாள் எனக்குப் பதில் சொன்னாள். இருட்டோடு இயேசுவின் கல்லறைக்குப் போகிறாள். உடல் இல்லை. எதிரே உயிரோடு நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைத்து, எங்கே வைத்தீர் சொல்லும், "நான் போய் அவரை எடுத்துக்கொள்ளுவேன்" என்கிறாள். ஒற்றைப் பெண் ஒரு பிரேதத்தை எப்படித் தூக்குவாள்? யோசிக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர் எங்கே யோசிக்கிறார்?

அவளை அவர் கண்டிக்கவில்லை. முதலில் "ஏன் அழுகிறாய்" என்றுதான் கேட்கிறார். அப்போதும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு "மரியாளே" என்கிறார். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, வசனம் இல்லை. பெயர் மட்டும். "ரபூனி" (போதகரே) என்று திரும்புகிறாள்.

உயிர்த்தெழுதலை எனக்கு யாரும் நிரூபித்துக் காட்ட முடியாது, நானும் யாருக்கும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் அம்மா என்னைக் கூப்பிடும் செல்லப்பெயர் ஒன்று உண்டு, வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது அந்தக் குழியோடு போய்விட்டது என்றுதான் ஆறு மாதமாக நினைத்திருந்தேன். மறுபடி ஒருநாள் அதைக் கேட்பேன் என்று இப்போது நம்புகிறேன். நம்பிக்கொண்டே அழவும் செய்கிறேன், இரண்டும் ஒன்றாகவே நடக்கிறது.

இந்த ஈஸ்டருக்கு அதிகாலை ஆராதனை முடிந்து தம்பியும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெயர்க்கல் இன்னும் வைக்கவில்லை. செவ்வந்தி மாலையைப் போட்டுவிட்டுப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து, அந்த ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன கடுங்காப்பியைக் குடித்தோம். மூடி ஒழுகி, பை முழுக்கக் காப்பி.