காசும் கொடுத்து விளம்பரமும் பார்க்கணுமா?

சந்தாவும் வாங்கிக்கொண்டு நடுவே விளம்பரமும் போடும் ஓடிடிகளை, அதாவது இணையத்தில் படமும் சீரியலும் காட்டும் ஆப்களைத் திட்டி நேற்று ஒரு பதிவு போட்டேன். அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "மாசம் நூறு ரூபாய்க்கு இவ்வளவு அழுகையா" என்று ஒருவர். கஞ்சன் என்று இன்னொருவர். கஞ்சன் என்றவர் என் பாஸ்வேர்டில்தான் ஓசியில் படம் பார்க்கிறார் என்பது வேறு விஷயம். நான் எழுதியது விலையைப் பற்றி இல்லை சார். காசு வாங்கிக்கொண்ட பிறகும் விளம்பரம் போடுவதைப் பற்றி.

கேபிளை ஏன் விட்டோம்? 2011-ல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய். 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது முறை கொண்டுவந்தது: மாச அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. எரிச்சலில் ஓடிடிக்குப் போனோம். விளம்பரத் தொல்லை இல்லை என்பதுதான் முக்கியக் காரணம்.

இப்போது? அமேசான் பிரைம் 2016-ல் வந்தபோது வருடத்துக்கு 499. அப்புறம் 999. 2021 டிசம்பரில் 1,499. 2025 ஜூனில் படத்துக்கு நடுவே விளம்பரம். வேண்டாமென்றால் வருடத்துக்கு இன்னொரு 699. 2023-ல் ஜியோசினிமா ஆப் இலவசமாகக் காட்டிய ஐபிஎல்லுக்கு 2025-ல் சந்தா. நெட்ஃபிளிக்ஸ் 2021-ல் விலையைக் குறைத்ததே என்பீர்கள். குறைத்தது, சரி. மற்றதையெல்லாம் யார் கட்டுவது?

"படம் எடுப்பவர்கள் சாப்பிட வேண்டாமா?" சாப்பிடட்டும். அதற்குத்தானே சந்தா கட்டினேன்!

"கேபிளிலும் விளம்பரம் வந்ததே?" வந்தது. விளம்பரம் இல்லை என்று சொல்லி யாரும் அதை என் தலையில் கட்டவில்லை.

எங்கள் கேபிள்கார அண்ணன் மழையிலும் முணுமுணுத்துக்கொண்டே மொட்டை மாடி ஏறி ஒயரைச் சரிசெய்வார். கையில் காசில்லையென்றால் "அஞ்சாம் தேதி வாங்கிக்கறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். போகிற போக்கில் அம்மாவின் மூட்டுவலியையும் விசாரிப்பார். இன்று அம்மா ஒரு சீரியல் பார்க்க நான் ஆபீஸிலிருந்து வர வேண்டியிருக்கிறது. எந்த ஆப்பில் எது வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சப்படுகிறார். கிண்டல் செய்தவர்கள் வீட்டிலெல்லாம் வயதானவர்களே இல்லை போலிருக்கிறது.

"பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடு" என்கிறீர்கள். நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஆப்பில் போன வாரம் முயன்றேன். சேர்வதற்குப் பெரிய பட்டன். விலகுவதற்கு ஒவ்வொரு பக்கமாகத் தேட வேண்டும். "நிஜமாகவே போகிறீர்களா?" என்று கெஞ்சல் வேறு. கடைசியில் யுபிஐக்குள் போய் ஆட்டோபேயை ரத்து செய்தேன். அதற்குள் அடுத்த மாசத்துக் காசையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.