ஜெயித்தது 25 ஆயிரம், வரி 37 ஆயிரம்

2025 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஐடி ரிட்டர்ன் விஷயமாக மாம்பலத்தில் என் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் பேரில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். “194பிஏ பிரிவுல 36,000 வரி பிடிச்சிருக்காங்களே சார், ஆன்லைன்ல சீட்டாடுறீங்களா?” பக்கத்து நாற்காலியில் என் மனைவி.

ஆமாம், ஆடினேன். போக்கர். 2024-25 நிதியாண்டில் ஒரு தளத்தில் 1,20,000 ரூபாய் வந்தது, இன்னொன்றில் 95,000 போனது. என் கணக்கில் ஜெயித்தது 25,000. சட்டத்தின் கணக்கில் 1,20,000. முதல் தளம் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தையே அனுப்பியது. அந்த வரி மேல் போடும் 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் 37,440. ஆக, ஜெயித்ததற்காக 12,440 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. அந்த இன்னொரு தளத்து நஷ்டத்தைக் கழிக்க முடியாதா என்று கேட்டேன். “அது உங்க சொந்தக் கவலை சார்” என்றார் ஆடிட்டர். மனைவி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பேசினார்.

நான் வரி கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. 30 சதவீதம் என்பதிலும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஜெயித்தால் பங்குக்கு வந்து நிற்கிறாய், தோற்றால் நீ யாரோ நான் யாரோ என்கிறாய், இது போங்காட்டம் இல்லையா? 2023 ஏப்ரலிலிருந்து ஒரே தளத்துக்குள் போட்ட பணத்தைக் கழித்துப் பார்க்கிறார்கள், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் மார்ச் 31 வந்தால் கோடு கிழித்துவிடுவார்கள். மார்ச்சில் ஜெயித்ததை ஏப்ரலில் தோற்றால் வரி வரிதான், நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. வேறு வருமானமே இல்லாத ஒரு கல்லூரிப் பையன் 50,000 ஜெயித்தாலும் 15,600 கட்ட வேண்டும். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது.

எங்கள் ஆபீஸிலேயே பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடுகிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். (ஆடுகிறவர்கள் என்றால் கோபம் வரும், ‘டிரேட்’ பண்ணுகிறார்களாம்.) அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது தொழில் வருமானம். சாதாரண வரி விகிதம், நெட் பில்லைக் கழிக்கலாம், நஷ்டத்தை 8 வருஷம் சுமந்துகொண்டு போகலாம்.

எனக்கு? வருமான வரிச் சட்டத்தில் 115பிபி என்கிற பழைய பிரிவைப் படித்துப் பாருங்கள். லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்கள். கூடவே குறுக்கெழுத்துப் போட்டியும்! ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பென்சிலுமாக உட்காரும் எங்கள் பெரியப்பாவுக்கு இது தெரியாது, யாரும் சொல்ல வேண்டாம். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள்தான் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வரிச் சட்டத்தில் அதனால் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கோவாவுக்குப் போய் நேரில் ஆடினாலும் இதே கதைதான். மூன்று டோர்னமென்ட்டில் பை-இன் என்கிற நுழைவுப் பணத்தைத் தொலைத்து நான்காவதில் ஜெயித்தால், அந்த மூன்றையும் கழிக்க முடியாது.

பிரிட்டனில் ஜெயித்ததற்கு வரி இல்லை, தோற்றதற்குக் கழிவும் இல்லை. அது ஒரு நியாயம்.

சரி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்துவிட்டது. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகளை நம் ஊரில் எவ்வளவோ படித்துவிட்டோம், தடை கூடாது என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆப்பை அழிப்பதற்கு முன்னால் மீதியிருந்த 640 ரூபாயை எடுத்தேன். அந்த வருஷம் அதுவரை நஷ்டம், அதனால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. முழுசாகக் கைக்கு வந்த ஒரே தொகை அதுதான்.