கல்லமேட்டில் நாம் தொலைத்த எலும்புகள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகப் படங்கள் பறந்தது நினைவிருக்கலாம். ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, அவை அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரி சார்ந்த படிவுகள் என்றார்கள். அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்து அரியலூரின் மெய்யான டைனோசரைத் தெரியும்?

புருஹத்காயோசாரஸ். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் சூட்டிய பெயர் இது. இடுப்பெலும்பு, தொடை எலும்பில் ஒரு துண்டு, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று. முதலில் ஊனுண்ணி என்றே எண்ணினார்கள். நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்பது பின்னால்தான் தெளிந்தது. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்! பேருருவத்துக்குப் பெயர்போன அர்ஜென்டினோசாரஸ் என்ற டைனோசருக்கே கீழ்க்காலின் இணை எலும்பு 1.55 மீட்டர்தான்.

இன்று அந்த எலும்புகள் இல்லை. கல்லமேட்டு மண்ணில் கிடைப்பவை தொட்டால் உதிரும் எலும்புகள். வெயிலும் மழையும் மாறி மாறி அவற்றை அரித்துவிடுகின்றன. பிளாஸ்டர் உறைக்குள் வைத்தும் இவை பொடிந்துபோயின. பெயர் சூட்ட அடிப்படையான எலும்பு மாதிரியே அழிந்துவிட்டது என்ற செய்தி 2017இல்தான் அச்சேறியது. அதற்குள், அது எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்ற ஐயம்கூடக் கிளம்பிவிட்டது. மறுத்துச் சொல்லக் கையில் சான்று வேண்டாமா? களத்தில் எடுத்த பழைய படங்கள் 2022இல் வெளிவந்த பிறகே அந்தப் பேச்சு அடங்கத் தொடங்கியது. மறு ஆண்டில், எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கிரிகோரி பாலும் ஆசியர் லரமெண்டியும் கணக்கிட்டார்கள். நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிடத்தக்க எடை அது.

உலகிலேயே பெரியது எங்கள் ஊர் விலங்கு என்று மார்தட்ட எனக்கு மனம் வரவில்லை. அளந்து பார்க்க எலும்பு இல்லாதபோது அது வெறும் பேச்சு. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூர்க் கல்மரத்தை வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறோம். 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அதைக் குழந்தைகள் போய்ப் பார்க்க முடிகிறது. இந்த எலும்புகளுக்கு ஒரு வார்ப்பு நகலாவது எடுத்து வைத்திருந்தால், அரியலூர் மாவட்டத்து வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமி அந்தக் கீழ்க்கால் எலும்பின் பக்கத்தில் நின்று தன் உயரத்தை ஒப்பிட்டிருப்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கல்லமேட்டில் அடுத்த எலும்பு தலைகாட்டும்போது, அதை இறுகச் செய்யும் பசையும் அளவுநாடாவும் கேமராவும் மழைக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.