விளக்கேற்றுவது வீட்டில் யாருடைய வேலை?

பிள்ளைகளுக்கு பக்தியும் நல்ல பழக்கமும் வர எந்த கிளாஸில் சேர்க்கலாம் என்று மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ் அம்மாக்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சுலோகம், தேவாரம், பஜனை எல்லாவற்றுக்கும் இங்கே வகுப்பு இருக்கிறது, தாராளமாக அனுப்புங்கள். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் வெளியே கற்றுக்கொண்டு வருவது வீட்டில் தங்க வேண்டுமே! என் கருத்து இதுதான்: சாமி காரியம் அம்மா ஒருத்தியின் வேலையாக இருக்கிற வரைக்கும் அது பிள்ளைகள் மனசில் ஒட்டாது. ஆளுக்கொரு சின்னப் பங்கு கொடுத்தால்தான் ஒட்டும்.

நிறைய வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் நசுங்கி வந்து, கைகால் கழுவி, அவசர அவசரமாக விளக்கேற்றி, ஊதுபத்தியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே குக்கர் வைக்கப் போய்விடுகிறாள். அப்பா டிவி முன்னால், பிள்ளைகள் போனோடு. விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் பத்து வருஷம் கழித்து "இந்தப் பிள்ளைக்கு சாமி நாட்டமே இல்லை" என்று புலம்புகிறோம். நாட்டம் எங்கிருந்து வரும்?

பொழுது சாயும்போது ஏற்றுவதுதான் முறை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மும்பையில் டிசம்பரில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ஜூனில் ஏழேகால் ஆகும், இரண்டு நேரத்திலும் வேலைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் ரயிலில்தான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு அத்தை ஒரு அகல் ஏற்றிவிடுவார். குடும்ப விளக்கு எட்டரைக்கு, எல்லாரும் வந்த பிறகு. இந்த யோசனையைச் சொன்னதே அத்தைதான். "பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார், பிள்ளைங்க வரட்டும்" என்றார். முறை தெரிந்த பெரியவர் ஒருவர் இப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

தனிப் பூஜை அறையெல்லாம் கிடையாது, அடுப்பங்கரை அலமாரியில் ஒரு தட்டுதான். சின்னவள் ஃபேனை நிறுத்துவாள், இல்லாவிட்டால் சுடர் நிற்காது. பெரியவன் முதல் நாள் கருகிய திரியை எடுத்துப் போட்டுவிட்டு, புதுத் திரியை எண்ணெயில் தோய்த்து நுனியை விரலால் முறுக்கி வைப்பான். நல்லெண்ணெய் ஊற்றுவது என் வீட்டுக்காரர். வியாழக்கிழமை ராத்திரி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவதும் அவர்தான், அதில் நான் கையே வைப்பதில்லை. ஏற்றுவது முறை வைத்து. ஒரு பாட்டு, தெரிந்தவர் சொல்ல மற்றவர்கள் கூடச் சொல்வோம், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம், மே மாதத்தில் வேர்த்து ஊற்றினாலும் சரி. விளக்கு முன்னால் மார்க், ஈஎம்ஐ, எந்த உறவுக்காரர் என்ன சொன்னார் என்பதெல்லாம் பேசக்கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டில் மட்டும் நான் ரொம்பக் கறார்.

இது ஒன்றும் புதுசில்லை. நான் வளர்ந்தது தாராவி, 90 அடி ரோடு பக்கம். எதிர் வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு வசனம் உண்டு. அது தட்டுத்தடுமாறி முடிக்கிற வரை தாத்தா முதற்கொண்டு எல்லாரும் காத்திருப்பார்கள், ஒருத்தரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் ராத்திரி வீடியோ காலில் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். சாமி வேறாக இருக்கலாம், வீட்டை நடத்துகிற விதத்தை அவர்களிடம்தான் பார்த்தேன்.

இன்னொன்று, பிடி அரிசி. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894-1994) சொல்லி நிறைய வீடுகளில் செய்தது: தினமும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் தனியாக எடுத்துவைத்து, அதைச் சேர்த்து இல்லாதவர்களுக்குச் சமைத்துப் போடுவது. ஒரு பிடி 50 கிராம் என்றாலும் மாதம் ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். எங்கள் வீட்டில் அள்ளிப் போடுவது பிள்ளைகள் கைதான். டப்பா நிறைந்ததும் கோயில் அன்னதானத்துக்கு அவர்களே தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆன்லைனில் நான் பணம் கட்டினால் அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது?

இதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். விளக்கு, நைவேத்தியம், வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் சரியாக நடக்கிற வீட்டில் வீட்டு வேலை செய்ய வரும் மாவ்ஷிக்கு மட்டும் தனி டம்ளர், அதுவும் விளிம்பு நெளிந்தது. குழந்தை இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வீட்டில் சொல்லிக் கொடுக்கிற எந்தச் சுலோகமும் அந்த டம்ளருக்கு ஈடு கொடுக்காது. முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள், நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே அவருக்கும் டீ கொடுங்கள், அப்புறம் கிளாஸ் தேடலாம்.

பெரியவன் பத்தாவது. சில நாள் விளக்கு முன்னால் வந்து உட்கார மாட்டான். ஒரு தடவை கூப்பிடுவேன், அவ்வளவுதான், இழுத்துக்கொண்டு வர மாட்டேன். ஆனால் திரி போடுவது அவன் வேலை, வராத நாளிலும் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், போடுகிறான்.

உங்கள் வீட்டில் யார் ஏற்றுகிறார்கள், எத்தனை மணிக்கு? நைட் ஷிஃப்ட் போகிறவர்கள், பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டிருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அவசியம் எழுதுங்கள், அடுத்த வருஷம் பெரியவன் ஜூனியர் காலேஜ் (இங்கே பதினொன்றாவதே காலேஜ்தான்) போக ஆரம்பித்தால் எட்டரை மணி எனக்கும் மாறும்.